எல்லாரும் கை தூக்குங்க

கத்தரிக்கோல் பெட்டி வந்த அன்றே அமலோற்பவத்துக்குக் கோபம் தொடங்கிவிட்டது. மணப்பாறைப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை அவள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோயிருந்தது. அது வரவில்லை. யாரும் கேட்காத கத்தரிக்கோல் பெட்டி நிறைய வந்து இறங்கியது. சரி, வந்ததை விடுவானேன் என்று பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒன்றுகூட வெட்டவில்லை. காகிதம் நடுவில் மாட்டி மடங்கிக்கொண்டு நின்றது. தலைமையாசிரியர் பெட்டியைத் தூக்கிப் பீரோ மேல் வைத்துவிட்டார்.

அரசாங்கம் வெட்டாத கத்தரிக்கோல் அனுப்புவதில் என்ன அதிசயம் என்று அவளும் அதோடு விட்டிருப்பாள். ஆனால் அதே ஜூன் மாதம் புதிய பாடத்திட்டமும் வந்து சேர்ந்தது. மூன்றாம் வகுப்பில் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க வேண்டுமாம். பாதி இட்லிக்கும் கால் இட்லிக்கும் வித்தியாசம் இப்போதுதான் பிடிபடுகிற எட்டு வயதுப் பிள்ளைக்கு, அரையைக் காலால் வகுத்தால் ஏன் இரண்டு வருகிறது என்று விளக்க வேண்டும். போன வருடம் தொடங்கிய தடம் பிரிப்பு இந்த வருடக் கடைசியிலும் உண்டு. பின்னம் போடத் தெரிந்த பிள்ளை முதல் தடம். மேலே கணக்கும் அறிவியலும் படிக்கலாம். தெரியாத பிள்ளை இரண்டாம் தடம். அதற்குக் கூட்டலும் கழித்தலும் போதும், மீதி நேரமெல்லாம் கைவேலை. ஒருமுறை பிரித்தால் பிரித்ததுதான், திரும்பி வர வழி கிடையாது.

அவள் மகள் செல்சியா வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் அதே மூன்றாம் வகுப்பு படித்தாள். ஆடி மாதத்திலிருந்து அவளுக்குத் தினமும் காலையில் வயிற்றுவலி. டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பூச்சி லீவு எடுத்துக்கொண்டது. பெற்றவளும் டீச்சருமான அமலோற்பவத்துக்கு அது என்ன வயிற்றுவலி என்று தெரியாதா. சாயங்காலம் பின்னம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கும். பென்சில் முழுக்கப் பல்தடம். ஏப்ரலில் இந்தப் பிள்ளையை ஓரமாக ஒதுக்கி உட்கார வைத்துவிடுவார்கள் என்பதைத் தவிர அவளால் வேறொன்றும் நினைக்க முடியவில்லை.

பாடத்திட்ட ஆணையத்துக்கு ஆசிரியர் பிரதிநிதியாக ஒருவரை அனுப்பச் சொன்னபோது சங்கத்தில் எல்லோரும் அவளைத்தான் கைகாட்டினார்கள். அவளுக்கு வாய் நீளம், அதுதான் தகுதி. செப்டம்பரில் ஒரு நாள், திருச்சிக்கு வெளியே கண்ணாடி மாளிகை மாதிரிக் கட்டி வைத்திருந்த ஆணையத்துக்குப் பஸ் பிடித்துப் போனாள்.

தலைவர் கோதண்டபாணி தணிந்த குரலில் பேசுகிறவர். தொடக்கப்பள்ளி வாத்தியாராக ஆரம்பித்து, பள்ளிகளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் போகும் அதிகாரியாகி, பிறகு டாக்டர் பட்டம் வாங்கி மேலே வந்தவர். நீள மேசையைச் சுற்றி இன்னும் ஏழெட்டு உறுப்பினர்கள். எல்லார் முன்னாலும் முந்திரி பிஸ்கட்.

“மூணாங்கிளாஸ் புள்ளைக்குப் பின்ன வகுத்தல் வெச்சது யாரு சார்?” உட்காருவதற்கு முன்பே அமலோற்பவம் கேட்டுவிட்டாள்.

“நாங்க வைக்கல டீச்சர். புள்ளைங்களே வெச்சுக்கிட்டாங்க.” கோதண்டபாணி சிரித்தார். “இர்ஃபானா, டீச்சருக்குக் கொஞ்சம் சொல்லும்மா.”

இர்ஃபானா அந்த ஆணையத்தின் இளம் பொறியாளர். பெங்களூரில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த பெண். சொல்வதை நம்பிச் சொல்கிற முகம் அவளுக்கு.

“முன்னாடியெல்லாம் பாடத்திட்டம் போடணும்னா நாலு பேராசிரியர் உக்காந்து அவங்களுக்குத் தோணுறத எழுதுவாங்க டீச்சர். புள்ளைக்கு ஏறுதா இல்லையான்னு தெரிய வருஷக்கணக்காகும். அதுக்குள்ள ஒரு தலைமுறையே வீணாப் போயிடும். இப்ப வகுப்புக்கு வகுப்பு கேமரா இருக்கில்ல? அஞ்சு வருஷமா அதுல பதிவானத வெச்சுக் கம்ப்யூட்டருக்குள்ள நிழல் பிள்ளைங்கள உருவாக்கியிருக்கோம். நெஜப் புள்ளை எப்பக் கவனிக்கும், எப்பக் கொட்டாவி விடும், எப்பப் புரிஞ்சுக்கும், எல்லாம் அச்சா அப்படியே செய்யும். எந்தப் பாடத்தையும் மொதல்ல இதுங்களுக்குத்தான் நடத்துவோம். நல்லாப் புரிஞ்சுதுன்னா அந்தப் பாடத்த ஒரு வகுப்பு கீழ எறக்குவோம். பின்னம் உங்க கிளாஸுக்கு வந்தது அப்படித்தான்.”

“புரிஞ்சுதுன்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?”

“கை தூக்குறத எண்ணுவோம்.”

“பரீட்சை வெச்சா என்ன?”

இதற்குக் கோதண்டபாணி பதில் சொன்னார். “பரீட்சைன்னா புள்ளைக்குப் பயம் வந்துடும் டீச்சர். பயத்துல தெரிஞ்சதையும் தப்பா எழுதும். வகுப்புல தானா ஆசையாத் தூக்குது பாருங்க ஒரு கை, அதுதான் பொய் சொல்லாது. இது என்னோட யோசனை.”

“அப்ப எனக்கு ஒரு வகுப்பக் காட்டுங்க” என்றாள் அமலோற்பவம்.

சுவர் முழுக்க இருந்த திரையில் ஒரு வகுப்பறை விரிந்தது. எண்ணெய் தடவி வகிடெடுத்த தலைகள், மங்கிய சீருடை, மேசை மேல் கிறுக்கல். நிழல் என்று சொன்னால் நம்ப முடியாது. ஒரு பையன் முன்னால் இருப்பவளின் சடையை இழுத்துவிட்டு நல்ல பிள்ளையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். திரைக்குள் ஒரு குரல் பின்னப் பாடத்தை நடத்தி முடித்துவிட்டு, “அரைக்குள்ள கால் எத்தனை தடவை போகும்? தெரிஞ்சவங்க கை தூக்குங்க” என்றது.

ஏறக்குறைய அத்தனை பேரும் கை தூக்கினார்கள். மூலையில் எண் ஓடி நின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

“பாத்தீங்களா?” என்றார் கோதண்டபாணி. பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அமலோற்பவம் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, கையைத் தூக்கியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அமலோற்பவம் தினமும் வீட்டில் பார்க்கிறாள். அப்புறம்தான் கையைக் கவனித்தாள். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

“நிறுத்தும்மா. இந்தப் புள்ளை எந்தக் கைய தூக்கியிருக்கு?”

“இடது.”

“இது? பக்கத்துல இருக்கிற இது? அந்தாண்ட இருக்கானே, அவன்?”

இர்ஃபானாவின் முகம் மலர்ந்தது. “நீங்களும் கவனிச்சிட்டீங்களா டீச்சர்? நம்ம மாநிலத்துல இடக்கைப் பழக்கம் ரொம்ப அதிகம். பாதிக்கு மேல. பதிவுல மொதல்ல பாத்துச் சொன்னது நான்தான். அதுக்குத் தனியா ஒரு ஆய்வே நடந்துச்சு. இடக்கைப் புள்ளைங்க கஷ்டப்படக் கூடாதுன்னு கத்தரிக்கோல்கூட அனுப்பினோமே, உங்க ஸ்கூலுக்கு வரலையா?”

அமலோற்பவத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இர்ஃபானாவின் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, உனக்குத் தெரிய நியாயம் இல்ல. நீ எங்க ஸ்கூல்ல படிச்சவ இல்ல. இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்கன்னா மொத நாளே டீச்சர் சொல்லி வெச்சிடுவாங்க. ஆபீசர் முன்னாடி கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். விடை தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. டீச்சர் வலது கை தூக்குனவங்களப் பாத்து எழுப்பி விடுவாங்க. ஆபீசர் வகுப்பே கெட்டிக்கார வகுப்புன்னு எழுதிட்டுப் போயிடுவாரு. வருஷத்துல ஒரு நாள் கூத்து. நீங்க கேமரா மாட்டுனீங்க பாரு, அன்னையிலருந்து தெனமும் இன்ஸ்பெக்‌ஷன். தூக்குற கைய எண்ணித்தான் எங்களுக்கு இன்க்ரிமென்ட். நானும்தான் செய்றேன். ஆனா அத எண்ணிப் பாடத்திட்டம் போடுறீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

மேசையின் மறுகோடியில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கோதண்டபாணியே சிரித்துவிட்டார். வயதான உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

“எதுக்கு சார் சிரிக்கிறீங்க?”

“பழைய ஞாபகம் வந்துடுச்சு டீச்சர். லால்குடி பக்கம் வேலை பாத்தப்ப நானும் செஞ்சிருக்கேன். இங்க இருக்கிறவங்கள்ல யாரு செய்யல?”

“ஆபீசரா போனப்ப?”

“தெரியும். தெரியாத மாதிரி எழுதிட்டு வந்துடுவோம். பாவம், வாத்தியாரும் பொழைக்கணுமில்ல.”

“அஞ்சு வருஷமா இந்தத் திரைய இங்க உக்காந்துதானே சார் பாத்தீங்க?”

“கைய யாரு டீச்சர் பாக்குறா. மூலைல வர்ற எண்ணத்தான் பாப்போம்.”

அதற்குமேல் அமலோற்பவம் பேசியதெல்லாம் குறிப்பேட்டில் ஏறாது. வாய்க்கு வந்ததைக் கேட்டாள். உங்க வீட்டுப் பேரன் பேத்தி எந்த ஸ்கூல்ல படிக்குதுங்க என்று கேட்டாள். முந்திரி பிஸ்கட்டையும் விடவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது இர்ஃபானா யாரையும் கேட்காமல் வலது கைகளை மட்டும் எண்ணும்படி மாற்றி, வகுப்பை மறுபடி ஓட விட்டிருந்தாள். எண் முப்பதைத் தாண்டவில்லை.

“அஞ்சு வருஷமாப் புரியல புரியலன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க டீச்சர்” என்றாள் இர்ஃபானா. “நான் கத்தரிக்கோல் வாங்கச் சொல்லியிருக்கேன்.”

பேரம் சாயங்காலம் வரை நடந்தது. போன வருடம் இரண்டாம் தடத்துக்குப் போன பிள்ளைகளை என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, போனதைத் திருப்ப முடியாது என்றார் கோதண்டபாணி. கடைசியில் மூன்று விஷயம் கேட்டாள். வலது கையை மட்டும் எண்ண வேண்டும். அந்தப் புதிய எண்ணிக்கை வரும்வரை ஏப்ரல் தடம் பிரிப்பை நிறுத்திவைக்க வேண்டும். கை எண்ணிக்கைக்கும் வாத்தியார் சம்பளத்துக்கும் இருக்கிற முடிச்சை அவிழ்க்க வேண்டும். முதல் இரண்டுக்கும் அவர் ஒத்துக்கொண்டார். மூன்றாவது நிதித்துறை சமாச்சாரம், நம்ம கையில் இல்லை, பிறகு பார்க்கலாம் என்றார். செல்சியா ஏப்ரலில் தப்பித்தாள் என்ற சந்தோஷத்தில் அமலோற்பவம் அந்த மூன்றாவதை அழுத்திப் பிடிக்காமல் விட்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வலது கை மட்டுமே எண்ணப்படும் என்ற சுற்றறிக்கை அக்டோபரில் எல்லாப் பள்ளிக்கும் போனது. முதல் இரண்டு வாரம் கைகள் பாதிக்குப் பாதி இறங்கின. அவள் வகுப்பிலும் இறங்கின. பிறகு மெல்ல மெல்ல ஏறின. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் அவள் வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் வலது கை தூக்கினார்கள். இட்லியையும் முறுக்கையும் பிட்டுப் பிட்டுக் காட்டி மெனக்கெட்டு நடத்தியது வீண்போகவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பொங்கல் கழிந்து கோதண்டபாணி போன் செய்தார்.

“டீச்சர், எண்ணிக்கை வந்துடுச்சு. வலது கை மட்டும். தொண்ணூத்து மூணு. நெஜப் புள்ளைங்க, நெஜக் கை. நீங்க சந்தேகப்பட்டது நல்லதுக்குத்தான், இப்ப யாரும் குறை சொல்ல முடியாது. தடம் பிரிப்ப ஏப்ரல்லயே வெச்சுக்கலாம்னு இருக்கோம். ஆட்சேபம் எழுப்புனவங்க நீங்க, உங்க ஒப்புதலும் இருந்தா நல்லாருக்கும்.”

“யோசிச்சுச் சொல்றேன் சார்.”

செல்சியா தரையில் நோட்டை விரித்துப் படுத்திருந்தாள். வயிற்றுவலி இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான். அமலோற்பவம் பக்கத்தில் உட்கார்ந்து, முக்காலைக் காலால் வகுக்கும் கணக்கை வரி வரியாகப் போட்டுக் காட்டினாள்.

“புரியுதா?” என்று டீச்சர் குரலிலேயே கேட்டாள்.

பழக்கதோஷத்தில் செல்சியாவின் வலது கை சட்டென்று உயர்ந்தது. அமலோற்பவத்துக்கு மனது குளிர்ந்தது. ஒரு நொடிதான். பிள்ளையின் நான்கு விரல்கள்தான் விரிந்திருந்தன. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி ஒளிந்திருந்தது.

“கட்டைவிரல ஏன்டி மடக்கியிருக்க?”

“புரியலன்னா மடக்கிக்கணும்மா. மிஸ் சொல்லிக் குடுத்தாங்க. மேல இருக்கிற கேமராவுக்குத் தெரியாதாம், மிஸ்ஸுக்கு மட்டும் தெரியும்.”

அமலோற்பவத்துக்குத் தன் வகுப்பு நினைவுக்கு வந்தது. உயர்ந்த கைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன் வந்தன. கட்டைவிரல் எப்படி இருந்தது என்று அவள் பார்க்கவே இல்லை. எண்ணியிருக்கிறாள், அவ்வளவுதான். பள்ளிக்கூட வாசலிலேயே குடியிருக்கிற தன் மாணவி ஒருத்தியின் அம்மாவுக்குப் போன் போட்டுப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னாள். ஆமாம் டீச்சர், நீங்க சங்க மீட்டிங் போயிருந்தப்ப ஹெட்மாஸ்டர் பிரேயர்ல சொன்னாரு, எல்லா கிளாஸுக்கும்தான் என்றது பிள்ளை. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு, நீங்க கோபப்படுவீங்களாம்.

வந்த ஆத்திரத்தில் அவள் கோதண்டபாணிக்கே போன் போட்டாள். விஷயத்தை முழுக்கச் சொன்னாள்.

“அட” என்றார். “நல்லவேளை இப்பவே சொன்னீங்க. இர்ஃபானாகிட்ட சொல்லி விரலையும் எண்ணச் சொல்லிடலாம். ஒரு மாசத்துல முடிஞ்சுடும்.”

“விரல எண்ணுனா நகத்த மடக்குவாங்க சார். சம்பள முடிச்ச அவிழ்க்காம எத எண்ணுனாலும் இதே கதைதான். அன்னைக்கே சொன்னேன்ல?”

“அது நிதித்துறை டீச்சர்.”

“என் ஒப்புதல் கெடையாது. எழுதிக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். தன் மேலும்தான் கோபம். அன்றைக்கு மைசூர்பாகு வாங்கின நேரத்தில் அந்த மூன்றாவது விஷயத்துக்காக மேசையைத் தட்டியிருக்க வேண்டும்.

செல்சியா மிரண்டுபோய் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் இறங்கவில்லை.

“கையக் கீழ போடு கண்ணு. புரியலன்னா வாயத் திறந்து சொல்லு. அம்மாகிட்டதானே.”

பிள்ளை வாயைத் திறக்கும் முன் கண்ணை உயர்த்திக் கூரை மூலையைப் பார்த்தது. அங்கே ஒரு பல்லிதான் இருந்தது. அப்படியும் குரலைத் தணித்துக்கொண்டுதான் சொன்னது. “புரியலம்மா. ஒண்ணுமே புரியல.”

மறுநாள் காலை அமலோற்பவம் தன் வகுப்புக் கதவைச் சாத்தினாள். கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கை எழுதிப் போட்டாள்.

“இதப் பாருங்க. புரியாதவங்க கையே தூக்கக் கூடாது. இடது கையும் வேணாம், வலது கையும் வேணாம், விரலும் வேணாம். யாரும் அடிக்க மாட்டாங்க. என் சம்பளத்தப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க, நான் பாத்துக்குறேன். இப்பச் சொல்லுங்க, இது யாருக்குப் புரியுது?”

முதலில் எல்லாக் கைகளும் ஏறின. அவள் காத்திருந்தாள். ஒரு கை இறங்கியது. அவள் திட்டவில்லை என்று பார்த்துவிட்டு இன்னொன்று. பிறகு மடமடவென்று எல்லாம் இறங்கிவிட்டன. கடைசியில் வகுப்பில் ஒரு கை இல்லை. அமலோற்பவம் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு இட்லியை எடுத்து இரண்டாகப் பிட்டாள். அன்று மத்தியானம் வரை அரைக்கு மேல் போகவில்லை. இவ்வளவு கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகளா இவர்கள் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே நடத்தினாள். தலைமையாசிரியர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள், பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் வந்து உட்கார்ந்த நேரத்தில் இர்ஃபானா போனில் கூப்பிட்டாள்.

“டீச்சர், உங்க கிளாஸ்ல மூணு நாளா கை எண்ணிக்கை சைபர்.”

“ஆமாம்மா. அதுதான் உண்மை. அத அப்படியே உங்க சார்கிட்ட காட்டு.”

“காட்ட முடியல டீச்சர். சைபர்னு ஒரு வகுப்பு இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. வராதத இயந்திரம் நம்பாது. கேமரா பழுதுன்னு முடிவு பண்ணி உங்க வகுப்பக் கணக்குலருந்து எடுத்துடுச்சு. நான் திருப்பித் திருப்பிச் சேர்த்தேன், திருப்பித் திருப்பி எடுத்துடுச்சு. ரிப்பேருக்கு ஆள் கிளம்பிட்டாங்க. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அவள் போனை வைப்பதற்குள் வாசலில் பைக் நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள் ஏணியோடு வகுப்புக்குள் வந்தார். வணக்கம் டீச்சர், அஞ்சு நிமிஷம்தான், நீங்க பாட்டுக்குப் பாடத்த நடத்துங்க என்றார். அமலோற்பவம், இது பழுது இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் ஏணியை மூலையில் சாத்தி மேலே ஏறிவிட்டார். கேமராவைத் துடைத்து, ஒரு ஒயரைப் பிடுங்கிச் சொருகி, வகுப்பின் பக்கமாகத் திருப்பினார். அதன் சிவப்பு விளக்கு எரிந்தது.

பிள்ளைகள் அந்த விளக்கைப் பார்த்தார்கள். ஏணி மேல் நிற்கும் ஆளைப் பார்த்தார்கள். அமலோற்பவம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கரும்பலகையில் ஒரு எழுத்துகூட இல்லை. வகுப்பு முழுக்க வலது கைகள் ஒன்றாக உயர்ந்தன. கட்டைவிரல்கள் எல்லாம் உள்ளே மடங்கியிருந்தன.

காக்கிச் சட்டைக்காரர் கையில் இருந்த போனைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

“சரியாயிடுச்சு டீச்சர்” என்றார்.